நிழலுக்கு வெட்கமில்லை

உத்தரவு போடுவதில் ஜொகூர் என்றுமே பின்தங்கியதில்லை. திருமணத்துக்கு முன் முஸ்லிம் மணமக்கள் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மலேசியாவில் முதலில் விதித்த மாநிலம் ஜொகூர்தான், ஆண்டு 2001. நாடு முழுக்க வேப் (மின்சிகரெட்) கடைகள் காளான்போல் முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2016 ஜனவரி 1 முதல் வேப் விற்கக் கூடாது என்று கதவடைத்ததும் இதே மாநிலம். இரண்டுமே துணிச்சலான முடிவுகள்.

ஆனால் சட்டம் போய்ச் சேராத இடம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பகலில் கார் கழுவும் கடையிலும் இரவில் அடுக்குமாடி வீட்டின் படிக்கட்டிலும் பொழுதைக் கழிக்கிற பதினைந்து வயதுப் பையனிடம் எச்.ஐ.வி., வேப் போன்றவற்றைப் பற்றி யார் பேசுவது? அவனுடைய அப்பாவும் அம்மாவும் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது அவர்களுக்கும் பேசத் தெம்பில்லை, இவனுக்கும் கேட்க மனமில்லை. மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் பக்கத்துக் குறைந்த விலை வீடுகளில் இது எந்தத் தளத்திலும் பார்க்கக்கூடிய வாழ்க்கை. குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். தோட்டத்தில் வறுமை இருந்தது. கூடவே கோயில் திடலும், திருவிழாக் கூத்தும் இருந்தன; பையன் தப்பித் தவறிப் போனால் காதைப் பிடித்து இழுத்து வரும் பக்கத்து லயத்துப் பெரியப்பாவும் இருந்தார். அடுக்குமாடியில் வறுமை மட்டும் உடன் வந்தது.

மலேசிய சுகாதார அமைச்சு 2022இல் பதின்ம வயதினரிடம் நடத்திய தேசிய ஆய்வு, நூற்றுக்குக் கிட்டத்தட்ட 15 பேர் மின்சிகரெட் பிடிப்பதாகச் சொன்னது. 2017இல் அது பத்துக்கும் கீழே இருந்தது. மனச்சோர்வில் இருப்பதாகச் சொன்னவர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல். இவை பள்ளியில் இருக்கும் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கு. பள்ளியை விட்டுப் போனவர்களைக் கேள்வித்தாளோடு தேடிப் பிடிப்பது யார்? 2011 முதல் பாடத்திட்டத்தில் இருக்கும் இனப்பெருக்க, சமூக நலக் கல்வியும் வகுப்பறைக்குள் இருப்பவர்களுக்குத்தான். அதிகம் தேவைப்படுகிறவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான்.

அவனிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்துப் பயனில்லை. மேடை போட்டு டாக்டரைப் பேச வைத்தால் பின் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவுவான். உலகில் பல ஊர்கள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கின்றன. அவற்றில் சில, விடை தேடிப் போய் நின்ற இடம் ஆச்சரியமானது: பாவைக்கூத்து.

ரயில் நிலையத்து மாடியில் தொடங்கியது

பம்பாய்த் தெருப்பிள்ளைகளையே நடிக்க வைத்து மீரா நாயர் எடுத்த 'சலாம் பாம்பே' 1988இல் வெளிவந்தது. படத்தில் வந்த பணத்தில், அந்தப் பிள்ளைகளைப் போன்றவர்களுக்காக அதே ஆண்டு உருவானது சலாம் பாலக் அறக்கட்டளை. டில்லியில் அதன் முதல் இடம், புதுடில்லி ரயில் நிலையத்தில் ரயில்வே போலீஸ் நிலையத்தின் திறந்த மாடி முகப்பு. அங்கே 25 பிள்ளைகள், பார்த்துக்கொள்ள மூன்று பணியாளர்கள்.

வீட்டை விட்டு ஓடிவந்து ரயில் நிலையத்தில் தங்கும் பிள்ளைகள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தண்ணீர் புட்டி பொறுக்கி விற்பார்கள். பசியும் குளிரும் தெரியாமல் இருக்க, எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவத்தைத் துணியில் நனைத்து மூக்கில் வைத்து உறிஞ்சுவார்கள். நம் ஊரில் பசை முகர்கிற பிள்ளைகளின் டில்லி உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறவர்களும் உண்டு. அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்கள், அல்லது அடிக்க வருவார்கள்.

இந்தப் பிள்ளைகளின் கையில் பாவைகளைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தாதி பதும்ஜி. இந்தியாவின் நவீன பாவைக்கூத்தில் முதல் வரிசைக் கலைஞர். 1986இல் இஷாரா பாவை அரங்கைத் தொடங்கியவர். பின்னாளில் உலகப் பாவைக் கலைஞர்களின் அமைப்பான யுனிமாவுக்குத் தலைவரானார். 2011இல் பத்மஸ்ரீ பெற்றார். உலக மேடைகளில் ஆடிய அந்த மனிதர் சலாம் பாலக் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். 2000களில் யுனெஸ்கோவின் டில்லி அலுவலகமும் இஷாராவுடன் கைகோத்தது. எச்.ஐ.வி., போதைப் பழக்கம் இரண்டையும் பற்றித் தெருவோர இளையோரிடம் பாவைகள் வழியாகப் பேசுவதே திட்டம்.

இதில் கவனிக்க வேண்டியது, யார் யாருக்குச் சொன்னார்கள் என்பது. தெருவில் வளர்ந்தவர்கள் தெருவில் வாழ்கிறவர்களுக்குச் சொன்னார்கள். போதை ஏறியவன் எப்படி நடப்பான், போலீஸ்காரர் லத்தியை எப்படிச் சுழற்றுவார், புதிதாக ஓடிவந்த பையனைத் தரகன் எந்தக் குரலில் அழைப்பான் என்பதெல்லாம் அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் பின்னாளில் பாவைக்கூத்தையே தொழிலாகக் கொண்ட கலைஞர்கள் ஆனார்கள். நோயைப் பற்றிய செய்தியோடு, கையில் ஒரு தொழிலும் வந்து சேர்ந்தது. சுகாதாரக் கல்வியின் பலனை எண்ணும்போது இந்தக் கணக்கை யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும்.

சாம்பல் நிற மனிதர்கள்

டில்லிக்கு முன்பே தென்னாப்பிரிக்கா இந்த வழியில் நடந்திருந்தது. இனவெறி ஆட்சி இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த 1980களின் கடைசி. எய்ட்ஸ் பரவுகிறது. வெள்ளையர் அரசு எதைச் சொன்னாலும் கறுப்பின மக்கள் நம்பத் தயாராக இல்லை; தங்கள் பிறப்பு விகிதத்தைக் குறைக்கும் சூழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். பாவைக் கலைஞர் கேரி ஃப்ரீட்மேன் 'எய்ட்ஸுக்கு எதிராகப் பாவைகள்' என்று ஒரு தெருக்கூத்தை இறக்கினார். ஆளை விட உயரமான பொம்மைகள். முகத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த நிறம் சாம்பல். கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. எனவே இது 'அவர்கள் நோய்' என்று யாரும் விரலை நீட்டித் தப்பிக்க முடியாது. ஆணுறையைப் பற்றி ஒரு மனிதன் தெருவில் நின்று பேசியிருந்தால் கல் பறந்திருக்கும். பொம்மை பேசியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அப்புறம் கேள்வி கேட்டது.

ஃப்ரீட்மேன் இதைச் சிறைக்குள்ளும் கொண்டுபோனார். 1990களின் நடுவில் ஜோகன்னஸ்பர்க் சிறையில் இளம் கைதிகள் தாங்களே பாவை செய்து, சிறைக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பற்றியும் எச்.ஐ.வி. பற்றியும் கூத்து நடத்தினார்கள். தன் வாயால் சொன்னால் மறுநாள் உயிரோடு இருப்பது நிச்சயமில்லாத இடம் அது. பொம்மையின் வாயால் சொன்னார்கள். கென்யாவிலும் அதே காலத்தில் நலவாழ்வுப் பாவைக் குழுக்கள் ஊர் ஊராகக் கிளம்பின. 2002இல் தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியில், 'டகலானி செசமி' நிகழ்ச்சியில், காமி என்ற ஐந்து வயதுப் பொம்மைச் சிறுமி எச்.ஐ.வி. தொற்றோடு குழந்தைகளுக்கு அறிமுகமானாள். தாயை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்தவள். ஆனாலும் விளையாடுவாள், சிரிப்பாள். அவள் கையைப் பிடித்தால் நோய் ஒட்டாது என்று லட்சக்கணக்கான பிள்ளைகள் கற்றுக்கொண்டது அவள் விளையாடியதைப் பார்த்துத்தான்.

தமிழகத்துக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் அரசு விளம்பரங்கள் மண்டையோட்டையும் எலும்பையும் காட்டிப் பயமுறுத்தின. 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் புள்ளிராஜா வந்தார். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற ஒற்றைக் கேள்வி டீக்கடை டீக்கடையாக நுழைந்தது. அந்த விளம்பரத்தின் மீது குறைகளும் சொல்லப்பட்டன, அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் இல்லாத ஒரு மனிதனைக் காட்டிக் கேட்டபோதுதான், இருக்கிற மனிதர்கள் அந்தச் சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னார்கள்.

கோமாளியின் உரிமை

இனி ஜொகூருக்கு வருவோம். கெலந்தானின் வாயாங் கூலிட்டை எல்லோருக்கும் தெரியும். ஜொகூரிலும் ஒரு நிழல்கூத்து மரபு இருப்பது பலருக்குத் தெரியாது. பத்து பகாட், மூவார், பொந்தியான் பக்கம் காடு திருத்தக் குடியேறிய ஜாவானியர்கள் தங்களோடு கொண்டுவந்த வாயாங் கூலிட் பூர்வா அது. தோலில் செதுக்கிய பாவைகள், வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு, பக்கத்தில் கமெலான் இசை. கதை? பாண்டவர், கௌரவர், அர்ஜுனன், பீமன். தோட்டத்துக் கோயிலில் நம் பாட்டன்மார் கேட்ட பாரதக் கதைதான், பக்கத்துக் கம்போங்கில் ஜாவானிய மொழியில் விடிய விடிய நடந்திருக்கிறது.

அந்தக் கூத்தில் செமார், காரெங், பெத்ருக், பாகோங் என்று நான்கு வேலைக்காரக் கோமாளிகள் வருவார்கள். வியாசருக்கு இவர்களைத் தெரியாது; ஜாவா பெற்ற பிள்ளைகள். தொப்பை சரிந்த செமார் உண்மையில் பூமிக்கு வந்த ஒரு தேவன் என்பது அங்கே நம்பிக்கை. அரசர்கள் அலங்கார மொழியில் பேச, இவர்கள் மட்டும் சந்தை மொழியில் பேசுவார்கள். நள்ளிரவில் இவர்கள் முறை வரும்போது தூங்கினவன் எழுந்து உட்காருவான். ஊர்த்தலைவர் செய்த ஊழலும், அரிசி விலையும், புதுமாப்பிள்ளையின் அசட்டுத்தனமும் அப்போதுதான் திரைக்கு வரும். இந்தோனேசிய அரசு 1970களில் குடும்பக் கட்டுப்பாட்டைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனபோது வாயாங்கைத் துணைக்கு அழைத்தது தற்செயல் இல்லை. படுக்கையறைச் செய்தியை அர்ஜுனன் பேசினால் கேலிக்கூத்தாகும். கோமாளி பேசலாம்.

தமிழ்த் தோல்பாவைக்கூத்திலும் இதே ஏற்பாடு உண்டு. உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள். மராட்டியத்திலிருந்து தஞ்சைக்கு வந்து, பிறகு மதுரை, நெல்லை, குமரி வரை பரவிய மண்டிகர் சமூகத்துக் கலைஞர்கள், வீட்டில் மராத்தி பேசிக்கொண்டு திரைக்குப் பின்னால் அத்தனை பாத்திரத்துக்கும் தமிழில் குரல் கொடுத்தார்கள். ஒரே ஆள், ராமனும் அவரே, சூர்ப்பனகையும் அவரே, உளுவத்தலையனும் அவரே. பேராசிரியர் அ.கா. பெருமாள் குமரி மாவட்டத்தில் இந்தக் கலைஞர்களின் பின்னால் அலைந்து எழுதிவைத்திருக்காவிட்டால், இவர்களில் பலர் தடயமில்லாமல் போயிருப்பார்கள். பாலக்காட்டுப் பகுதியின் கோயில்களில், கம்பனின் தமிழ்ப் பாடல்களை இன்றும் சொல்லி ஆடும் தோல்பாவைக்கூத்தும் இருக்கிறது. அந்தக் கூத்தை ஆடும் ராமச்சந்திரப் புலவர், 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர், கோயிலுக்குள் ராமாயணத்தையும் வெளியே காந்தி கதையையும் ஆடுகிறார். கோயில் மரபும் கெடவில்லை, புதுக் கதையும் நிற்கவில்லை.

புதுக் கதையைச் சேர்த்தால் மரபு தீட்டுப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் கெலந்தானைப் பார்க்க வேண்டும். அங்கே மகாராஜா ராவணன் கதை அடிமரம். அதிலிருந்து கிளைக்கும் கதைகளை பாவைகளை ஆட்டிக் கதை சொல்லும் டாலாங் தன் விருப்பத்துக்கு இட்டுக்கட்டலாம், அது மரபே கொடுத்த உரிமை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கலைஞர் டின்டோய் சுவோவும் மூத்த டாலாங் பாக் டாயினும் சேர்ந்து, ஹாலிவுட்டின் 'ஸ்டார் வார்ஸ்' கதையையே கெலந்தான் பாவைகளாகச் செதுக்கி ஆடினார்கள். வாயாங்கை எட்டிக்கூடப் பார்த்திராத நகரத்து இளைஞர்கள் டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

குந்தியின் பெட்டி

ஜொகூரில் நலவாழ்வுக்கு ஒரு பாவைக்கூத்து எழுதப்படுமானால், கதை தேடி வெளியே போக வேண்டியதில்லை. பாரதமே போதும். தமிழ்ப் பிள்ளைக்கும் ஜாவானிய வழி வந்த மலாய்ப் பிள்ளைக்கும் பொதுவான கதை அது.

குந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். திருமணமாகாத சிறுமி. ஒரு மந்திரம் கிடைக்கிறது. பலிக்குமா என்று பார்க்கும் ஆவல். விளைவு, கையில் ஒரு குழந்தை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அரண்மனை நிறையப் பெரியவர்கள், ஆனால் கேட்க ஒருவரும் இல்லை. குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விடுகிறாள். மலேசியாவில் 2010க்கும் 2019க்கும் இடையில் கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் வழக்குகள் ஆயிரத்தைத் தாண்டின. பெரும்பாலான குழந்தைகள் உயிரோடு கிடைக்கவில்லை. குப்பைத் தொட்டி, கழிப்பறை, கோயில் வாசல், சூராவ் படிக்கட்டு. செய்தித்தாள் அந்தப் பெண்ணைக் கல்நெஞ்சக்காரி என்கிறது. அதே செய்தித்தாளைப் படிக்கிற நாம்தான் குந்திக்காகக் கண்ணீர் விடுகிறோம். திரையில் குந்தியின் நிழல் பெட்டியோடு ஆற்றங்கரையில் நிற்கும்போது, பெத்ருக்கோ உச்சிக்குடும்பனோ ஓடிவந்து, 'தாயே, கொஞ்சம் பொறு. இந்த ஊரில் உன்னைக் கேட்க ஆள் இருக்கிறது' என்று சொன்னால்? பெயர் கேட்காமல் குழந்தையை வாங்கிக்கொள்ளும் தொட்டிலை ஓர் அமைப்பு 2010இல் பெட்டாலிங் ஜெயாவில் திறந்தது என்பதையும், அதற்கும் முன்னால் கருவுற்ற நாளிலேயே போகக்கூடிய இடங்கள் உண்டு என்பதையும் அந்தக் கோமாளி சொல்லலாம். அதைக் கேட்க வேண்டிய பெண் கூட்டத்தில் எங்கோ இருட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தருமனை எடுத்துக்கொள்ளுங்கள். அறம் அறிந்தவன், படித்தவன், தம்பிமாருக்குத் தெய்வம். ஆனால் சூதுக்காய் உருளும் சத்தம் கேட்டால் கை நிற்காது. நாடு போனது, தம்பிமார் போனார்கள், மனைவியும் போனாள். அதற்குப் பிறகும் அழைத்தபோது மறுபடியும் ஆடப் போனான். போதைப் பழக்கத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான கதை எந்த மருத்துவமனைக் கையேட்டிலும் கிடைக்காது. பழக்கத்தில் விழுந்தவனுக்கு அறிவு குறைவு என்றோ ஒழுக்கம் கெட்டவன் என்றோ ஊர் பேசுகிறது. தருமனுக்கு என்ன குறைவு? சியாபு என்ற போதைப்பொருளை இழுக்கிறவனின் வீட்டில் நடப்பதும், கைப்பேசியில் சூதாடுகிறவனின் வீட்டில் நடப்பதும் அந்தச் சபையில் நடந்ததுதான். சபையில் இருந்த பெரியவர்கள் வாயடைத்து இருந்தார்களே, அதுவும் நம் வீடுகளில் நடக்கிறது.

கர்ணனும் இருக்கிறான். தன் பிறப்பின் உண்மை தெரிந்த பிறகும் அதை மறைத்தே வைத்தவன். தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொன்னால் எல்லோரும் விலகிவிடுவார்கள் என்று அஞ்சுகிற பிள்ளைகள் எத்தனை பேர்! எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் இளைஞனுக்குக் கர்ணனைத் தெரியும்.

எங்கே கவனம் வேண்டும்

ஆசையாகத் தொடங்கி அலங்கோலமாக முடிந்த விழிப்புணர்வுக் கூத்துகள் நிறைய. அமைச்சர் பேச்சு முக்கால் மணி, கூத்து கால் மணி, அந்தக் கால் மணியிலும் பாவை நின்று ஐந்து அறிவுரைகளை ஒப்பித்துவிட்டுப் போகும். பாவையின் வாயில் சுவரொட்டி வாசகத்தைத் திணித்தால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்கள். கதை முதலில் கதையாக நிற்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து நுட்பமானது. ஜாவானிய நிழல்கூத்தில் நல்லவர்கள் டாலாங்கின் வலப்பக்கம், கெட்டவர்கள் இடப்பக்கம் நிற்பது வழக்கம். எச்.ஐ.வி. உள்ள பாத்திரத்தை, போதைக்கு அடிமையான பாத்திரத்தை எந்தப் பக்கம் நிறுத்துவது? இடப்பக்கம் நிறுத்திவிட்டால், வாயால் என்ன சொன்னாலும் கண் வேறொன்றைக் கற்றுக்கொள்ளும். நோயை அரக்கனாகச் செதுக்குவதும் அப்படித்தான். நாளை அந்த நோய் உள்ளவன் தெருவில் நடந்தால் அவனும் அரக்கனாகத் தெரிவான்.

தகவலும் இன்றைய தேதிக்குரியதாக இருக்க வேண்டும். மலேசியாவில் 1986இல் முதல் தொற்று பதிவானது. 2002இல் ஓர் ஆண்டில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 புதிய தொற்றுகள். அப்போது பெரும்பாலும் ஊசி வழியே பரவியது. 2005இல் மெத்தடோன் சிகிச்சையும், அடுத்த ஆண்டு சுத்தமான ஊசி வழங்கும் திட்டமும் பெரும் எதிர்ப்புக்கு நடுவே தொடங்கின. எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்ததற்காக 2018இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. இன்று புதிய தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பாலுறவு வழியே, பெரும்பாலும் 20 முதல் 39 வயதுக்காரர்களிடம். ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து பாலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. தொற்றுக்கு முன்பே எடுக்கும் தடுப்பு மாத்திரை 2023 முதல் சில அரசாங்கக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. முப்பது வருடத்துக்கு முந்தைய 'எய்ட்ஸ் என்றால் சாவு' வசனத்தை இன்னமும் ஒரு பாவை பேசுமானால், அது கல்வி இல்லை, துரோகம்.

மனநலத்துக்கும் இதையே சொல்லலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த சட்டப்பிரிவை 2023இல் மலேசியா நீக்கியது. எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? 'சொன்னால் போலீஸ் பிடிக்கும்' என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் உண்டு. ஒரு கோமாளி ஒரே வரியில் அந்தப் பயத்தை உடைக்க முடியும்.

கூத்து முடிந்த பிறகு என்ன என்பதுதான் கடைசிக் கேள்வி. சிரித்து அழுது கலைந்த கூட்டத்தில், பரிசோதனைக்குப் போகலாம் என்று முடிவெடுத்த பதினாறு வயதுப் பிள்ளை எங்கே போவது? 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் ஒப்புதல் என்ற கேள்வி கிளினிக்கில் எழும். எனவே திரைக்குப் பக்கத்திலேயே ஒரு தாதியும் ஒரு மனநல ஆலோசகரும், அவர்களில் ஒருவராவது தமிழ் பேசுகிறவராக, உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்கள் இல்லாத கூத்து பாதிக் கூத்து.

ஜொகூரில் இதற்கு வேண்டியவை எல்லாம் தனித்தனியே இருக்கின்றன. மாநிலத்தின் கலைகளைக் காக்க ஜொகூர் பாரம்பரிய அறவாரியம் இருக்கிறது. ஜாவானியர் அடர்ந்து வாழும் பத்து பகாட் வட்டாரத்தின் பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும், அவற்றில் திருவிழாவுக்குக் கூடும் இளைஞர் கூட்டமும் இருக்கின்றன. வாயாங் பூர்வா ஆடத் தெரிந்த மூத்தவர்கள் அருகிவிட்டார்கள். இன்னும் சில ஆண்டுகள் போனால் கேட்க ஆளிருக்காது. ஒரு டாலாங், ஒரு சுகாதார அதிகாரி, மலாயும் தமிழும் தெரிந்த ஒரு நாடகக்காரர், பத்துப் பதினைந்து பிள்ளைகள். பாவைக்குத் தோல் வேண்டும் என்றுகூட இல்லை. பழைய அட்டைப் பெட்டியும் கத்திரிக்கோலும் வெள்ளைத் துணியும் ஒரு விளக்கும் போதும். பிள்ளைகளே செய்யட்டும், பிள்ளைகளே பேசட்டும். பெரியவர்கள் செய்ய வேண்டியது, அவர்கள் பேசுவதைத் திருத்தாமல் ஒரு முறை முழுதாகக் கேட்பது.

மாநில சுகாதார இலாகாவும் பாரம்பரிய அறவாரியமும் ஒரு மேசையில் உட்கார்ந்து, அடுத்த பள்ளி விடுமுறைக்குள் ஒரு குழுவையாவது தொடங்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள் மண்டபத்தையும் ஒரு மாலைப் பொழுதையும் கொடுக்க வேண்டும். பெற்றோர் பிள்ளைகளோடு வந்து உட்கார வேண்டும்; பிள்ளை எந்த இடத்தில் சிரிக்கிறான், எந்த இடத்தில் மௌனமாகிறான் என்பதைக் கவனித்தால் வீட்டில் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் இருப்பார்கள். மனம் கலங்கியிருப்பவர்கள் ஹீல் உதவித் தொடர்பை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம். வன்முறைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளுக்கும், யாரிடமும் சொல்ல முடியாத நிலையில் கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் தாலியான் காசே 15999.